சுவரின் நிறமும் மனையின் நலமும்



பொங்கலுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, சிறிது நீலப்பொடியும் பசையும் சேர்த்துச் சுவரில் பூசுவார்கள். இன்று அச்சுண்ணாம்பின் இடத்தைக் கடைகளில் விற்கும் வண்ணப் பூச்சுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டன. நூற்றுக்கணக்கான நிறங்களை அட்டையில் அச்சிட்டு நம் முன் விரிக்கிறார்கள். கூடத்துக்குச் சந்தன நிறமா, படுக்கையறைக்கு இளநீலமா, குழந்தைகள் படிக்கும் அறைக்கு இளம்பச்சையா என்று வீட்டார் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவ்வாறு தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இந்த நிறம் அழகாக இருக்குமா? கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு: இந்த நிறம் எதனால் ஆனது? கண்ணுக்கு நிறம் என்பது ஒரு தோற்றம். சுவருக்கோ அது ஒரு பொருள். கல்லையோ மண்ணையோ உலோகத்தையோ பொடியாக்கித்தான் சுவரில் ஏற்றுகிறோம். அந்தப் பொருள் நம்மோடு ஒரே அறையில் பல ஆண்டுகள் குடியிருக்கிறது. அது நல்ல குடியா, தீய குடியா என்று கேட்க மனித குலம் மிகவும் காலங்கடந்தே கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் தொழிலாளிகளும் ஆவர். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழங்கால இத்தாலி நாட்டுக்குச் செல்வோம். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேய் என்னும் நகரம் சாம்பலில் புதையுண்டது. பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மறைந்து கிடந்த அந்நகரை 18ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கத் தொடங்கியபோது, கண்டவர்கள் வியப்பில் ஆழ்ந்தனர். வீடுகளின் உட்சுவர்களில் செந்நிறமும் மஞ்சளும் கருமையும் அப்படியே விளங்கின. அந்நிறங்கள் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் நமக்கு நன்கு பழக்கமான சுண்ணாம்புதான். ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மேல் நீரில் குழைத்த நிறப்பொடியைத் தீட்டினால், சாந்து உலரும்போது அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அவ்வாறு உருவாகும் கல்லின் மெல்லிய படலம் நிறத்துகள்களைத் தன்னுள் சிறைப்பிடித்துக்கொள்கிறது. நிறம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதாகச் சொல்வதைவிடச் சுவராகவே ஆகிவிட்டது என்று சொல்வதே பொருந்தும்.

உரோமரின் செந்நிறங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று காவிக்கல்லின் சிவப்பு, மண்ணில் எளிதாகக் கிடைப்பது, மலிவானது. மற்றொன்று நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று வழங்கும் பொருள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த இக்கனிப்பொருளை ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து உரோமுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் விலை மிக உயர்ந்தது. ஆதலால் அதனை வண்ணக்காரர் தம் கைப்பொருளிலிருந்து வாங்கிப் பூசுவதில்லை; வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது அக்கால வழக்கம். சில வண்ணக்காரர்கள் தூரிகையை அடிக்கடி நீரில் அலசுவதுபோல் அலசி, அடியில் தங்கும் விலையுயர்ந்த பொடியைத் தமக்கென எடுத்துக்கொண்டார்கள் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதிவைத்திருக்கிறார்.

விட்ருவியஸ் என்பவர் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். அவர் தம் நூலில் சொல்லும் செய்தி ஒன்று நம் பேச்சுக்கு மிகவும் ஏற்றது. ஃபாபெரியஸ் என்னும் ஓர் எழுத்தர், உரோம் நகரின் அவெண்டைன் குன்றில் இருந்த தம் வீட்டை அலங்கரிக்க விரும்பினார். தூண்கள் சூழ்ந்த முற்றத்தின் சுவர்கள் முழுவதிலும் சாதிலிங்கத்தைப் பூசச் செய்தார். முப்பது நாட்கள் சென்றன. வெயில் பட்ட சுவர்கள் கறுத்துத் திட்டுத் திட்டாக அழகிழந்து போயின. அவர் மீண்டும் பணம் செலவிட்டு வேறு நிறம் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்னோர்கள் மருந்தைப்போல் அளவோடு பயன்படுத்திய ஒரு நிறத்தை இக்காலத்தார் சுவர் முழுவதும் அப்புகிறார்களே என்று விட்ருவியஸ் வருந்துகிறார். எழுத்தர் விரும்பியது நிறத்தின் அழகையும் அதன் விலையால் வரும் பெருமையையும். அப்பொருளின் இயல்பை அவர் விசாரிக்கவில்லை.

அவர் இழந்தது பணம்தான். வேறு சிலர் இழந்தது உடல்நலம். சாதிலிங்கத்தை அரைக்கும் தொழிலாளர்கள் அதன் தூளைச் சுவாசிக்காதிருக்க விலங்குகளின் சவ்வுப் பையை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள் என்றும் பிளினி குறிப்பிடுகிறார். செல்வர் வீட்டுச் சுவரில் செந்நிறம் ஒளிர்வதற்கு எங்கோ ஒரு தொழிலாளி முகத்தை மூடிக்கொண்டு அஞ்சி அஞ்சி மூச்சுவிட நேர்ந்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அடுத்து நீல நிறத்தைப் பார்ப்போம். இயற்கையில் நீலமான மண் கிடைப்பது அரிது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் மணலையும் செம்பையும் சுண்ணாம்பையும் காரப்பொருளையும் சேர்த்துச் சூளையில் சுட்டு ஒரு நீலத்தை உண்டாக்கினார்கள். மனிதன் செயற்கையாகச் செய்த முதல் நிறப்பொருள் அதுவே என்பர். இடைக்கால ஐரோப்பாவில் அக்கலை மறைந்தது. அப்போது சிறந்த நீலம் வேண்டுமாயின் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த இராசவர்த்தக் கல்லைப் பொடிசெய்து பக்குவப்படுத்த வேண்டும். கடல் கடந்து வந்த அந்த நீலத்தின் விலை பொன்னின் விலைக்கு நிகராக இருந்தது. தேவாலயத்துச் சித்திரங்களில் புனித மேரியின் மேலாடைக்கு அதனைத் தீட்டுவார்களே அன்றி, எளியவன் வீட்டுச் சுவருக்கு அது எட்டாத கனியாயிருந்தது.

1824ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தொழில் ஊக்கக் கழகம் ஒன்று, இந்த நீலத்தை மலிவாகச் செய்யும் முறையைக் கண்டுபிடிப்பவருக்கு ஆறாயிரம் பிராங்கு பரிசு தருவதாக அறிவித்தது. 1828இல் கிமே என்னும் பிரெஞ்சுக்காரர் அப்பரிசைப் பெற்றார். அதே காலத்தில் ஜெர்மனியில் கிறிஸ்டியான் க்மெலின் என்னும் பேராசிரியரும் தனியே அதனைச் செய்து காட்டினார். வெண்களிமண், கந்தகம், சோடா உப்பு, கரி ஆகிய எளிய பொருள்களே அதற்குப் போதுமானவை. அரசர்க்குரிய நீலம் சலவைக்காரரின் நீலப்பொடியாக மாறியது. வெள்ளைத் துணியின் பழுப்பை மறைக்கவும், சுண்ணாம்புச் சுவருக்குப் பளிச்சென்ற தோற்றம் தரவும் நம் நாட்டில் சேர்த்த நீலப்பொடி இந்த மரபில் வந்ததே. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்கும் இயல்பு இந்நீலத்துக்கு உண்டு. ஆகவே அது சுவருக்குப் பெரிதும் பொருந்தியது. அறிவியல் ஒரு நிறத்தை ஏழையின் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த நல்ல கதை இது.

ஆனால் எல்லா நிறங்களின் கதையும் இவ்வளவு இனிமையானதன்று. பச்சை நிறத்தின் கதையைக் கேளுங்கள்.

வயலும் சோலையும் பச்சையாக இருப்பதால், பச்சை நிறப்பொருளும் எளிதில் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இலையின் பச்சை சுவரில் நிற்பதில்லை, வெயிலில் வெளிறிவிடும். செம்பில் பிடிக்கும் களிம்பிலிருந்து எடுத்த பச்சையும் நெடுநாள் நிலைப்பதில்லை. 1775ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சைப் பொருளை உண்டாக்கினார். ஆர்சனிக் என்பது நாம் பாஷாணம் என்று அஞ்சும் நஞ்சு. 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் இதனினும் ஒளி மிகுந்த மற்றொரு பச்சையைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதுவும் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்ததே. மெழுகுவத்தி ஒளியிலும் எரிவாயு விளக்கொளியிலும் மற்றப் பச்சைகள் மங்கிவிடும். இதுவோ மரகதம்போல் மின்னும். இதனால் இதற்கு மரகதப் பச்சை என்றே பெயராயிற்று.

நஞ்சுள்ள பொருளை நிறத்துக்குப் பயன்படுத்துவது புதிதன்று. நாம் அரிதாரம் என்று சொல்லும் சொல் முதலில் குறித்தது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிப்பொருளையே. பின்னர் அது முக ஒப்பனைக்கே பெயராகிவிட்டது. ஆனால் பழங்காலத்தில் இத்தகைய பொருள்கள் சிறு அளவில் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தபின் அளவு மாறியது. அதுவே கேட்டின் தொடக்கம்.

இங்கிலாந்தில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு மாறாக, பூவும் கொடியும் அச்சிட்ட தாளை ஒட்டும் வழக்கம் பரவியிருந்தது. சுவர்த்தாளுக்கு 1712 முதல் அரசாங்கம் வரி விதித்துவந்தது. 1836இல் அவ்வரி நீங்கியது. 1839இல் லங்காஷயரில் சுவர்த்தாளை அச்சிடும் உருளை இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார்கள். விலை சரிந்தது. 1834இல் ஏறத்தாழப் பத்து லட்சமாக இருந்த சுருள்களின் உற்பத்தி 1860இல் தொண்ணூறு லட்சத்தை நெருங்கியது. செல்வர் மாளிகையின் பச்சை, எழுத்தர் வீட்டுக்கும் தொழிலாளி குடிசைக்கும் வந்து சேர்ந்தது. நடுத்தர மக்கள் தம் குழந்தைகள் உறங்கும் அறைகளிலும் அதனை ஆசையோடு ஒட்டினார்கள். புகையும் மூடுபனியும் நிறைந்த நகரத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பச்சைச் சுவர் ஒரு சோலையை நினைவூட்டியிருக்கும் அன்றோ?

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1839இலேயே ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோபோல்டு க்மெலின் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இவர் நீலத்தைச் செய்த க்மெலினின் குடும்பத்தைச் சேர்ந்தவரே. ஈரம் தங்கிய அறைகளில் பச்சைத் தாள் ஒட்டிய சுவர்களிலிருந்து எலி நாற்றம்போன்ற ஒரு வாடை வருவதையும், அவ்வறைகளில் உறங்குவோர் நோயுறுவதையும் அவர் கவனித்தார். அத்தாள்களைக் கிழித்தெறியுமாறு மக்களை வேண்டினார். கேட்டவர் சிலரே.

1862ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள லைம்ஹவுஸில் ஓர் எளிய குடும்பத்தின் குழந்தைகள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். தொண்டை அடைப்பான் நோய் என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் அது தொற்றும் நோயாயிற்றே! அண்டை வீட்டாருக்கு அந்நோய் வரவில்லை. மருத்துவர் குடிநீரைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், அவற்றில் குறை தென்படவில்லை. இறுதியில் அவர் கண் சுவரின்மேல் சென்றது. அறையில் ஒட்டியிருந்தது பச்சைத் தாள். அதனைச் சோதித்தபோது பெருமளவு ஆர்சனிக் இருப்பது தெரிந்தது.

மாணவர்களே, அந்த மருத்துவர் எண்ணிய முறையைக் கவனியுங்கள். நோய்க்குக் காரணமாகத் தோன்றுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஆராய்ந்து, நீக்கிக்கொண்டே சென்றார். அறிவியலின் வழி அதுவே. பிற மருத்துவர்களும் இதுபோன்ற சான்றுகளைத் திரட்டினார்கள். நோயாளி அந்த அறையை விட்டுக் கடற்கரைக்குச் சென்றால் குணமடைகிறார்; திரும்பி வந்தால் மீண்டும் படுத்துவிடுகிறார். தாளைக் கிழித்துவிட்டால் நோய் நீங்குகிறது. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும் என்று நமக்குத் தோன்றும்.

ஆனால் அக்காலத்தார் எளிதில் நம்பவில்லை. பச்சை அறையில் பல ஆண்டுகள் வாழ்ந்து நலமாக இருப்பவர்களும் இருக்கிறார்களே என்றார்கள். சுவரை யாரும் தின்பதில்லையே என்றார்கள். வாணிகர் தம் ஆதாயத்தை எண்ணினார்கள். இவர்களோடு நல்லோர் ஒருவரும் சேர்ந்திருந்தார் என்பதுதான் வருந்தத்தக்கது. வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரைப்பற்றி உங்களுள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் அழகாயிருக்க வேண்டும் என்று பாடுபட்ட கலைஞர் அவர். பிற்காலத்தில் தொழிலாளர் நலனுக்காக மேடையேறி முழங்கியவர். அவர் வரைந்த சுவர்த்தாள்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அவருடைய குடும்பச் செல்வத்தில் பெரும்பகுதி டெவன் மாவட்டத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றின் பங்குகளிலிருந்து வந்தது. அச்சுரங்கம் பின்னர் மிகுதியான ஆர்சனிக்கையும் எடுத்து விற்றது. 1871 முதல் 1875 வரை மாரிஸ் அதன் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1885இல் எழுதிய ஒரு கடிதத்தில், சுவர்த்தாள் நஞ்சைப்பற்றிய பேச்சு மருத்துவர்களைப் பிடித்த ஒரு மருட்சி என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். 1864ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள் ஒன்றை ஸ்காட்லாந்து அறிஞர் ஒருவர் ஆராய்ந்து, அதன் பச்சையில் ஆர்சனிக் இருப்பதை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழகை உயிரினும் மேலாக நேசித்த ஒருவர் அவ்வழகின் உட்பொருளை ஆராய மறுத்தார். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் கெட்ஸீ என்னும் வேதியியல் பேராசிரியர் வேறொரு வழியை மேற்கொண்டார். பேச்சால் நம்பாத மக்களைக் கண்ணால் காணச் செய்ய அவர் எண்ணினார். ஆர்சனிக் கலந்த உண்மையான சுவர்த்தாள்களை வெட்டி ஏடுகளாகச் சேர்த்து, மரணச் சுவர்களின் நிழல்கள் என்று பொருள்படும் தலைப்போடு, 1874இல் ஒரு நூலாகக் கட்டினார். நூறு படிகள் ஆயின. அவற்றை மிச்சிகன் மாநிலத்தின் நூலகங்களுக்கு அனுப்பி, குழந்தைகள் கையில் கொடுக்கவேண்டாம் என்றும் எச்சரித்தார். பல நூலகங்கள் பின்னர் அஞ்சி அதனை அழித்துவிட்டன. எஞ்சிய மிகச்சில படிகளை இன்றும் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள். தன்னைத் தொடுவோருக்குத் தீங்கு செய்யக்கூடிய நூல், பல்லாயிரவரைத் தீங்கினின்றும் காக்க எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

சுவரிலிருந்த நஞ்சு உடலுக்குள் எவ்வாறு புகுந்தது? 1890களில் இத்தாலிய அறிஞர் பார்த்தலோமியோ கோசியோ, ஈரச் சுவரில் வளரும் பூஞ்சணம் ஆர்சனிக்கைத் தின்று பூண்டு நாற்றமுள்ள ஒரு வாயுவை வெளியிடுகிறது என்று காட்டினார். அவ்வாயு இன்னதென்று ஃபிரடெரிக் சாலஞ்சர் என்னும் ஆங்கிலேயர் 1930களின் தொடக்கத்தில் நிறுவினார். நெடுங்காலம் அந்த வாயுவே கொலையாளி என்று நூல்கள் எழுதின. ஆனால் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்வாயு நாம் எண்ணிய அளவுக்கு நச்சுத்தன்மை உடையதன்று என்று எடுத்துக்காட்டியது. தாளிலிருந்து உதிர்ந்த நிறத்தூளே மூச்சிலும் உணவிலும் கலந்து பெரிதும் தீங்கு செய்திருக்கலாம். தீங்கு நேர்வதை மருத்துவர்கள் முதலில் கண்டார்கள். அது எவ்வாறு நேர்கிறது என்பதோ நூற்றாண்டு கடந்தும் ஆராய்ச்சியில் உள்ளது. விளக்கம் முழுமையாகக் கிடைக்கும்வரை எச்சரிக்கையைத் தள்ளிவைக்கலாகாது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பச்சைத் தாள் எப்படி ஒழிந்தது? ஜெர்மனி முதலிய நாடுகள் சட்டம் செய்தன. இங்கிலாந்தில் தனிச்சட்டம் வரவில்லை. அங்கு அதனை ஒழித்தவர்கள் பொருள் வாங்கும் மக்களே. ஆர்சனிக் இல்லாத தாள்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கியதும், அவ்வாறே எழுதி விற்க உற்பத்தியாளர்கள் முன்வந்தார்கள். வீட்டுக்காரர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். நஞ்சு சுவரைவிட்டு இறங்கியது.

பச்சை நிறத்துக்கு நேர்ந்ததை அறிந்த பிறகு, வெள்ளை நிறத்தைக் குற்றமற்றதென்று கருதுவீர்கள். சுண்ணாம்பின் வெள்ளை குற்றமற்றதுதான். ஆனால் மரத்தில் பூசும் எண்ணெய்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு பயன்படாது. அதற்கு உலகம் நம்பியிருந்தது ஈய வெள்ளையை. காரீயத் தகடுகளைக் காடி வைத்த கலயங்களில் அடுக்கி, சாணக்குவியலில் புதைத்துவைத்தால், சில மாதங்களில் தகட்டின்மேல் வெள்ளைப் படலம் படியும். அதனைச் சுரண்டி அரைத்து எண்ணெயில் குழைப்பார்கள். வழவழப்பாகவும் அழுத்தமாகவும் படியும் அந்தப் பூச்சுக்கு ஈடில்லை என்பது தொழிலாளர் கருத்து. ஆனால் அதனைச் செய்வோருக்கும் பூசுவோருக்கும் கொடிய வயிற்றுவலியும் கை விழுந்துபோகும் வாதமும் வந்தன. காரீயத்தின் கேட்டை விட்ருவியஸ்கூட அறிந்திருந்தார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகள் பலர் விளங்காத நோயால் வருந்தினார்கள். சிலருக்குக் கால்கள் துவண்டன. சிலருக்குப் பார்வை மங்கியது. இது காரீய நஞ்சே என்று பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் 1892இல் அறிவித்தார்கள். காரீயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விளங்கவில்லை. கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன் பல ஆண்டுகள் விடாது தேடினார். 1904இல் அவர் விடையைக் கண்டார். அந்நாட்டு வீடுகள் மரத்தால் ஆனவை, தாழ்வாரம் உடையவை. தாழ்வாரத்தின் மரக்கம்பிகளில் பூசிய ஈய வெள்ளை கடும் வெயிலில் பொடிந்து கையில் ஒட்டும். குழந்தைகள் அக்கம்பிகளைப் பிடித்து விளையாடுவார்கள், பின்னர் விரலைச் சூப்புவார்கள், நகத்தைக் கடிப்பார்கள். அறைச் சுவர்களின் பூச்சும் அவ்வாறே தீங்கு செய்தது. பெற்றோர் வீட்டைத் தூய்மையாகவும் வெண்மையாகவும் வைத்திருக்க விரும்பிப் பூசிய பூச்சே மக்களின் உடலுக்குள் நஞ்சாக இறங்கியது.

கிப்சன் சொன்னதை உடன் தொழில் செய்தவர்களே உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பதினெட்டு ஆண்டுகள் சென்றபின், 1922இல்தான் குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் ஈயப் பூச்சைத் தடுக்கும் சட்டம் குவீன்ஸ்லாந்தில் பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1921இல், ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைப் பூசலாகாது என்னும் உடன்படிக்கையைச் சில விலக்குகளோடு நிறைவேற்றியது. உலகின் பல நாடுகள் அதனை விரைந்து ஏற்கவில்லை. அமெரிக்கா வீட்டுப் பூச்சுகளில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல்தான்.

இதற்கிடையில் ஈய வெள்ளைக்கு ஒரு மாற்றும் தோன்றிவிட்டது. 1916ஆம் ஆண்டளவில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் என்னும் உலோகத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொடியைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். காரீயத்தைவிட நன்றாக மறைக்கும் ஆற்றலுடைய அந்த வெள்ளையே இன்று நம் பூச்சுகளுக்கு அடிப்படை. மாற்று கிடைத்த பின்னரும் பழைய நஞ்சு பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது என்பதைக் கருதுங்கள். கண்டுபிடிப்பு மட்டும் உலகைத் திருத்துவதில்லை. அதனை வற்புறுத்திக் கேட்கும் மக்களும், ஆணையிடும் சட்டமும் வேண்டும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியொன்றை வெளியிட்டது. வீட்டுப் பூச்சுகளிலும் அலங்காரப் பூச்சுகளிலும் காரீயம் பத்து லட்சம் பங்குக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது அதன் சாரம். 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்னர்ப் பூசிய கதவிலும் சன்னலிலும், சிறப்பாக ஒளிமிக்க மஞ்சள், செம்மஞ்சள் பூச்சுகளில், காரீயம் இருக்கக்கூடும். ஏனெனில் அந்நிறங்களைத் தருவதற்குக் காரீய உப்புகளைப் பயன்படுத்தி வந்தார்கள்.

வரலாறு படிப்பதன் பயன் வாழ்க்கையில் தெரியவேண்டும். ஆதலால் உங்கள் வீட்டில் வண்ணம் பூசும் பேச்சு எழும்போது நீங்கள் சொல்லத்தக்க சிலவற்றைக் கூறுகிறேன். சிறிய அறைக்கும் சன்னல் குறைந்த அறைக்கும் வெளிர் நிறங்களே ஏற்றவை. நல்ல வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். கரும்பச்சையோ கருநீலமோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். படிக்கும் கண்ணுக்கு இது சிறிய செய்தியன்று. அழுத்தமான நிறம் வேண்டுமாயின், பழைய உரோமர் சாதிலிங்கத்தை வைத்துக்கொண்டதுபோல், மருந்தளவாக ஒரு பட்டையிலோ மாடத்திலோ வைத்துக்கொள்ளலாம். பூச்சு வாங்கும்போது தகரத்தின்மேல் காரீயத்தைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளைக் கிளப்பலாகாது. நனைத்துச் சுரண்டி, தூளைத் துடைத்து அகற்றவேண்டும். சுரண்டும் தொழிலாளி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். வேலை முடியும்வரை சிறு குழந்தைகளை அவ்வறையில் விடாதீர்கள். சுண்ணாம்பு பூசும் வீட்டாராயின் மகிழ்ச்சியே. அதன் காரம் கிருமிகளை அழிக்கும். சுவரின் ஈரம் உள்ளே தங்காமல் வெளியேறவும் அது இடம் தரும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறத்தை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறமில்லாத மனை மனத்துக்கு இனிமை தாராது. காவியும் நீலமும் மஞ்சளும் மனிதன் தன் இருப்பிடத்தைத் தனதாக்கிக்கொண்ட அடையாளங்கள். நான் வேண்டுவது, அழகை விரும்பும் கண்ணோடு ஆராயும் அறிவும் சேர்ந்து செல்லவேண்டும் என்பதே. அறிவியல் நீலத்தை எளியவருக்கு அளித்தது. அதே அறிவியல் பச்சையில் நஞ்சை வைத்தது. பின்னர் அந்நஞ்சைக் காட்டிக்கொடுத்ததும் அறிவியலே. இம்மூன்றுக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கியவர்கள், கேள்வி கேட்ட மனிதர்கள். இலண்டனின் ஏழைத் தெருவில் சுவரை உற்றுநோக்கிய மருத்துவரும், பன்னிரண்டு ஆண்டுகள் காரணம் தேடிய கண் மருத்துவரும், நஞ்சையே நூலாகக் கட்டிய பேராசிரியரும் அத்தகையோர். அவர்களுள் ஒருவரும் படைத்தலைவர் அல்லர், அரசரும் அல்லர். எனினும், இன்று பல நாடுகளில் குழந்தைகள் தம் வீட்டுச் சுவரில் சாய்ந்து அச்சமின்றி உறங்குவதற்கு அவர்களும் ஒரு காரணம். அவர்கள் கேட்ட கேள்வியை இனி வரும் தலைமுறையில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.